தார்ப்பாய்க்கு ஐந்தாவது ஆள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நேரில் பேசவிட்டால் யாரையாவது கடிந்துகொள்வேன் என்ற பயமோ என்னவோ, எழுதித் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான். பேசினால் நீங்கள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றப்போவதில்லை.

வெற்றிக் கதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மத்தியானம் நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பையும் அதற்குப் பிறகு வந்த ஒரு வாரத்தையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். மற்ற வேலையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள், என்னைவிட வேகமாகவே கற்றுக்கொள்வீர்கள்.

நான் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். சேலைக் கரைக்குப் பூ வரைய, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பதுதான் என் முதல் வேலை. பிறகு அதையே கம்ப்யூட்டரில் செய்தேன். நாற்பது வயதுக்கு மேல், சூரமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி ஆரம்பித்தபோது, புதிர் அமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சேலையானால் என்ன, விளையாட்டானால் என்ன, கட்டம் கட்டம்தானே என்று மாடி ஏறிவிட்டேன். எதைப் பார்த்தாலும் கட்டமாகப் பார்க்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்திதான் சோறு போட்டது. தப்பு செய்ய வைத்ததும் அதுதான்.

நீங்கள் இப்போது கையில் எடுத்திருக்கும் ஜவ்வரிசி விளையாட்டின் முதல் பதிப்பை நாங்கள் செய்துகொண்டிருந்த சமயம் அது. உங்களுக்குத் தெரியும், குச்சிக்கிழங்கு லாரியில் வந்து இறங்குவதில் ஆரம்பிக்கும். கழுவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் படியவிட்டு, படிந்த மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்து மூட்டை பிடிக்கிற வரைக்கும் எதை எங்கே வைப்பது என்பதுதான் புதிர். அவசரம் கிடையாது, தோல்வி கிடையாது. வேலை முடிந்து அலுத்து வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் மனசு ஆற வேண்டும். இதில் யாரும் தோற்கக் கூடாது என்பதுதான் முதலாளி எங்களுக்குப் போட்ட ஒரே விதி.

ஓவியர் முதலில் கொடுத்த படங்களில் ஆள்கள் இருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், துடுப்பால் மாவு தள்ளுகிறவர்கள். அவர்களை எடுக்கச் சொன்னது நான்தான். ஓர் ஆள் நின்றால் ஒரு கட்டம் அடைபடும், பார்வைக்கும் நெரிசல் என்றேன். ஆள்கள் போனதும் திரை பளிச்சென்று ஆகிவிட்டது. வெள்ளைக் களமும், தொட்டியும், தானாக ஓடுகிற பாலும் மட்டும். எல்லோரும் அழகு என்றார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வெளியிடுவதற்கு முன்னால் ஜவ்வரிசி ஆலை வேலை தெரிந்த ஒருவர் விளையாடிப் பார்க்கட்டும் என்று, ராசிபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்தோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பதினைந்து வருஷம் களத்தில் வேலை பார்த்தவர். கால் முறிந்து, கட்டுப் பிரித்து, வெயிலில் நிற்க முடியாமல் வீட்டில் இருந்தார். கால் எப்படி முறிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

மவுஸ் பழக அவருக்கு ஒரு நாள் ஆனது. மூன்றாவது நாள், பால் படிகிற லெவலில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிஷம் அசையவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இந்தப் பொத்தானை அமுக்கினால் படிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"அது தெரியுதுங்க மேடம். ஆனா பாலு படியற வரைக்கும் கலக்கக் கூடாதுங்க. சும்மா பாத்துட்டு இருக்கோணும். எங்களுக்கு அப்பத்தான் மூச்சு உடவே நேரமுங்க."

அன்றைக்கே அந்தப் பொத்தானை எடுத்தோம். பால் மெதுவாகத் தெளிந்து, வெள்ளை அடியில் இறங்குவதை ஒன்றும் செய்யாமல் பார்க்கும்படி வைத்தோம். இன்றைக்கும் விளையாடுகிறவர்கள் அதிகம் பாராட்டி எழுதுவது அந்த லெவலைப் பற்றித்தான். என் புதிர்களைப் பற்றி அல்ல என்பதை வயிற்றெரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, இந்த வேலை தனக்கு நிலைக்குமா என்று கேட்டார். ஆலையிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடுவார்கள் என்றும் தோன்றவில்லை என்றார். முதலாளியிடம் பேசுகிறேன், இருங்கள் என்று சொன்னேன். பேசவும் செய்தேன். அவரும் தலையாட்டினார். அந்த அம்மாவுக்கு மறுபடி ஒரு வேலை, மறுபடி ஓர் இடம் என்பது கையெட்டும் தூரத்தில் இருந்தது.

மழை லெவல் வந்தது அதற்கு அடுத்த வாரம். விளையாட்டை வாங்கி வெளியிடவிருந்த வெளியூர்க் கம்பெனி எங்களிடம் வற்புறுத்திக் கேட்டது மழையைத்தான். மனசு ஆறுவதற்கு மழைச் சத்தத்தை மிஞ்சி ஒன்றும் இல்லை, விளம்பரத்திலேயே முதல் காட்சியாக அதை வைப்போம் என்றார்கள். எங்கள் ஒலிக்காரர் ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று மழையைப் பதிந்துகொண்டு வந்தார். அருமையான மழை. களம் நிறைய வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும், மேகம் கறுக்கும், தூறல் விழுந்து வலுக்கும். மாவுக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மினுமினுக்கும், அவ்வளவுதான். யாரும் தோற்கக் கூடாதே.

அந்த அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மேகம் கறுத்தது. முதல் இடி தூரத்தில் கேட்டிருக்கும். அவர் விருட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஹெட்போன் கம்பி இழுத்துப் பிடிக்க, அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சரியாக ஊன்ற வராத காலோடு வாசலைப் பார்த்து ஓடினார். மேஜை விளிம்பில் இடித்துத் தரையில் விழுந்தார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டை நிஜம் என்று நம்பி ஓடிவிட்டாரே என்ற சிரிப்பு. எங்கள் மழை அவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதே என்ற கர்வமும் அதில் கலந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஜங்ஷன் போகிற ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வெயிலுங்களா" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து, பையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் படி இறங்கிப் போனார். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விளையாட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து நாளே இருந்தது. முதலாளி மோசமானவர் இல்லை, ஆனால் ஐந்து நாள் அவரையும் அழுத்திக்கொண்டிருந்தது. வேறு ஆளை வைத்துப் பாருங்கள், மழையில் கை வைக்காதீர்கள் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. பிழை எதுவும் இல்லை. மழை பெய்கிறது, புதிர் முடிகிறது, யாரும் தோற்பதில்லை. ஆனால் அந்த லெவலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு என் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. மனசு ஆறுவதற்கென்று செய்த ஒன்று, அந்த வேலையை அறிந்த ஒரே ஆளை இப்படித் தரையில் தள்ளியிருக்கிறது. அது ஏன் என்று தெரியாமல் ஒப்படைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்களாக இருந்தால் போன் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன், எடுக்கவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா தன் வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கால் சாக்கின் மேல் நீட்டியிருந்தது, முழங்காலுக்குக் கீழே மேஜை இடித்த இடம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையமர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். கை சும்மா இருக்கட்டுமே என்று நானும் ஒரு பிடி கடலைக்காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"அன்னைக்கி நான் சிரிச்சேன்" என்றேன். "அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"உடுங்க மேடம். பாக்கறவங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, காலைப் பற்றிச் சொன்னார்.

களம் நிறைய மாவு கிடந்த ஒரு மத்தியானம் திடீரென்று மழை இறங்கியிருக்கிறது. எல்லோரும் ஓடி மாவைக் கூட்டிக் குவித்து, மேலே தார்ப்பாயை இழுத்தார்கள். பெரிய தார்ப்பாய், மூலைக்கு ஓர் ஆள். அவர் பிடித்திருந்தது ஆலைச் சுவரோரம் இருந்த மூலை. ஈரச் சிமெண்டில் கால் வழுக்கியது. விழுந்தபோது கை விட்டுப்போனது. காற்று அந்த மூலை வழியாகத் தார்ப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டது. மாவு முழுவதும் கரைந்து வாய்க்காலில் வெள்ளையாக ஓடியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு அங்கே யாருக்கும் வேலை இல்லை.

"யாரும் ஒரு வார்த்த திட்டலீங்க" என்றார். "ஊட்டுக்கு வந்து பாக்கவும் இல்லீங்க. பதனஞ்சு வருசம் ஒண்ணா உக்காந்து சோறு தின்னவங்க. நாந்தான கைய உட்டேன். கால் ஒடஞ்சது கூட எனக்குப் பெருசாத் தெரியலீங்க மேடம். கை உட்டதுதான்."

கண் கலங்கியதை நான் மறைக்கவில்லை. அவருடைய அந்தக் கை இன்னமும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் மடங்கியே இருந்தது. மழை லெவலை எடுத்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது முதலாளியின் முகம் ஞாபகம் வரத்தான் செய்தது, ஆனாலும் சொன்னேன். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"மழ என்னுங்க பண்ணுச்சு, அது பாட்டுக்குப் பேயுது. உங்க கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணுதானுங்க எனக்குத் தாங்கல. அத்தன மாவு நனையுது, ஒருத்தரு கூட ஓடியாரலீங்க. ஆளுங்கெல்லாம் எங்கீங்க?"

ஆள்களை எடுத்தது நான் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் விளையாட்டில் இருந்த அமைதி, வேலை செய்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கிடைத்த அமைதி. அதை அழகு என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். அன்றைக்கு அவர் விழுந்ததும் அந்த மூலையைப் பிடிக்க வேறு யாருமே இல்லையா என்று.

"மூல நாலு, ஆளு நாலுங்க. அஞ்சாவதா ஒருத்தரு சும்மா நின்னா மேஸ்திரி உடுவாருங்களா?"

மேஸ்திரியை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டி தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துபோனது, அந்த மேஸ்திரி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். ஒரு கட்டம் வீணாகிறது என்று அவர் ஓர் ஆளை நிற்கவிடவில்லை. நான் எல்லோரையும் எடுத்தேன்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் நின்றேன். மழை லெவலில் ஆள்கள் வரவேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். ஆள்கள் மழைக்கு ஓடினால் அது அவசரம் ஆகிவிடாதா, அவசரம் வந்தால் தோல்வி வராதா என்றார். நான் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். நாம் செய்கிற மழைதானே, அது காத்திருக்கட்டும். விளையாடுகிறவர், தார்ப்பாய் பிடிக்கிற நாலு பேருக்கும் வழி கண்டுபிடித்து, காய்கிற மாவை மிதிக்காமல் நாலு மூலைக்கும் கொண்டுவந்து சேர்க்கிற வரைக்கும் மேகம் கறுத்தபடியே நிற்கட்டும். சேர்ந்த பிறகு பெய்யட்டும். ஓவியருக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று முதலாளி கேட்டார்.

நேரத்துக்கு நான் கொடுத்த விலை, என்னுடைய மூன்று லெவல்கள். கிழங்கு லாரிகளை வைத்து ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தவை. என் வேலையிலேயே நுணுக்கமான புதிர்கள் என்று இன்றும் சொல்வேன். அவற்றுக்கான படங்களை வரையவேண்டாம், அந்த நாள்களில் ஆள்களை வரையுங்கள் என்று சொல்லி மூன்றையும் நானே நீக்கினேன். இந்தத் தொழிலில் அடுத்தவர் செய்ததை வெட்டுவது சுலபம், அதை நீங்கள் சீக்கிரமே பழகிவிடுவீர்கள். என்னுடையதை, ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரு முறை விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். ஆள்கள் சேர்கிற வரை மழை காத்திருக்கும், விளம்பரத்தின் முதல் காட்சியாக அது வராது என்றதும் வெளியூர்க் கம்பெனிக்கு வருத்தம். அந்தப் பேச்சை முதலாளி தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஓவியர் நாலு பேரை வரைந்து முடித்ததும், இன்னும் ஒருவரை வரையச் சொன்னேன். ஐந்தாவது ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டார். வறுக்கிற கொட்டகையின் சுவரோரம் நிற்பதுதான் வேலை என்றேன். பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் செய்வதற்கு இருக்காது. எப்போதாவது ஒரு மழையில், காற்று வலுத்து, யாராவது ஒருவர் வழுக்குவார். ஒரு மூலை கையை விட்டுப் போகும். அப்போது அவர் ஓடிவந்து பிடிப்பார். விளையாடுகிறவர் எதையும் அமுக்க வேண்டாம். அவர் தானாகவே வருவார்.

ஒப்படைப்பதற்கு முதல் நாள் அந்த அம்மா வந்தார். வரச்சொல்லி அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டிருந்தேன், வருவார் என்று நிச்சயம் இல்லை. ஆள்களைப் போட்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன், ஐந்தாவது ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைய சோதனைக்கு எல்லா மழையிலும் ஒரு மூலை நழுவும்படி வைத்திருந்தேன். அது சரியா என்று காலையிலிருந்து மனசுக்குள் இழுபறி. விழுந்தவரை மறுபடி விழுகிற இடத்துக்கே அழைத்துப் போகிறோமோ என்ற பயம். இந்த முறை பின்னால் நிற்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேண்டாம் என்று தோன்றினால் உடனே கழற்றிவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் நிதானமாக நாலு பேரையும் கொண்டுபோய் நிறுத்தினார். யார் எந்த வழியில் வரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தார்ப்பாய் விரிந்தது. மழை விழுந்தது. அவர் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் எழவில்லை. காற்று வந்தது. சுவரோர மூலையில் இருந்த பெண் வழுக்கி விழுந்தாள். தார்ப்பாய் அந்தப் பக்கம் எழும்பியது.

அந்த அம்மா மவுஸை விட்டுவிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொட்டகைச் சுவரோரம் நின்றிருந்தவள் ஓடிவந்தாள். மூலையைப் பிடித்து இழுத்துத் தரையோடு அமுக்கினாள். விழுந்தவளும் எழுந்து பக்கத்தில் வந்து பிடித்தாள். களத்தில் ஒரு குருணைகூட நனையவில்லை.

"புடிச்சுட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, "அக்கா, புடிச்சுட்டாங்க" என்றார்.

அதுவரை நான் அவருக்கு மேடம். மழை முடிகிற வரைக்கும் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

அந்த அம்மா எங்களோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தார். பிறகு கால் நன்றாகிவிட்டது, வேறோர் ஆலையின் களத்துக்குப் போகிறேன் என்று தானாகவே சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகவில்லை என்றார். தடுக்கவில்லை. போகட்டும், அவருடைய வேலை அது. அதனால்தான் அவரை உங்களுக்கு நேரில் காட்ட முடியவில்லை.

விளையாட்டு ஓஹோ என்று ஓடவில்லை. சுமாராக ஓடியது, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இப்போது உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எழுதுவதாக ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற கணக்கை முடிக்க, போன வாரம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தேன். புதிய பதிப்புக்காக நீங்கள் தயாரித்திருக்கும் பிழைப் பட்டியல் சுவரில் இருந்தது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள், எங்கள் கண்ணில் படாதவைகூட அதில் இருந்தன. அதில் ஒரு வரி: "மழை லெவலில் ஓர் ஆள் வேலை இல்லாமல் சும்மா நிற்கிறார். நீக்கினால் ஒரு கட்டம் மிச்சம்."

எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. கவனித்தது சரிதான், கோபமும் இல்லை. உங்கள் வயதில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். மூலை நழுவுவது எப்போதாவதுதான் என்பதால், உங்கள் சோதனையில் அது ஒரு தடவைகூட நடந்திருக்காது.

அந்த வரிக்குப் பக்கத்தில் பதில் எழுத இடம் விட்டிருந்தீர்கள். கையில் பேனா இருந்தது. நிற்கட்டும் என்று எழுதிவிட்டு வந்தேன்.